பைன் காட்டில் மலைச் சைக்கிள்: கொடைக்கானலா, நீலகிரியா, குமாவூனா?

சென்னையில் மவுண்டன் பைக் வாங்கியவர்கள் கொஞ்ச நாள் ஈ.சி.ஆரில் விடிகாலை ஓட்டம் ஓட்டிவிட்டு, பிறகு எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். பைன் மரங்களுக்கு நடுவே, நல்ல ஏற்றத்தில், உடம்பைப் பிழிகிற மாதிரி ஒரு சவாரி போகணும், எங்கே போகலாம்? கேட்கிறவர்கள் கையில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும். கொடைக்கானல், ஊட்டி, இரண்டும் பார்த்தாயிற்று என்றால் உத்தராகண்டின் குமாவூன் மலைகள்.

"மூன்றில் எது ரொம்பக் கஷ்டம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். கடல் மட்டத்தில் வாழ்கிற நமக்கு மூன்றுமே கஷ்டம்தான். 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. வண்டலூர் மேம்பாலத்தை எந்த கியரில் ஏறினீர்களோ, அதைவிட இரண்டு கியர் இறக்கித்தான் அங்கே சாதாரண மேட்டையே ஏற முடியும். முதலில் கேட்க வேண்டியது வேறு: எங்கே நம்மைச் சைக்கிளோடு உள்ளே விடுவார்கள்?

## எதை வைத்து முடிவெடுப்பது

அனுமதி. பயணம் நடக்குமா நடக்காதா என்பதே இதில்தான் இருக்கிறது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காடு என்றால் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டம் இருக்கிறது. மேப்பில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது, யாரோ அதில் ஓட்டி ஜி.பி.எஸ். தடத்தையும் ஏற்றியிருக்கிறார் என்பதால் அது பொதுவழி ஆகிவிடாது.

2018 மார்ச் 11 நமக்கு மறக்கக்கூடாத நாள். தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். மலையேறப் போன அந்தக் குழுக்களில் ஒன்று சென்னையிலிருந்து போனது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசு 40 வழித்தடங்களைத் திறந்தது. அவை நடப்பவர்களுக்கானவை. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், அதுதான் சரியும்கூட.

அப்படியானால் பைன் காட்டுக்குள் சைக்கிளே விட முடியாதா என்றால், முடியும். காட்டை ஊடறுத்துப் போகும் பொதுச்சாலை, மலைக் கிராமங்களை இணைக்கும் மண்பாதை, உரியவரிடம் கேட்டுப் போகும் பட்டா நிலத்துத் தடம் ஆகிய மூன்றுக்குள் உங்கள் சவாரியை அமைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றிலும் ஏற்றத்துக்கோ கரடுமுரடுக்கோ பஞ்சமே கிடையாது.

தரை. பைன் ஊசிமேல் ஓட்டிப் பழகாதவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உதிர்ந்த ஊசிகள் மெழுகுப் பளபளப்போடு ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கும். டயர் ஏறியதும் சரளைச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதிதான் எச்சரிக்கை. மண்ணைத் தொடாமல் ஊசிப்படுக்கையின் மேல் மிதந்துகொண்டிருக்கிறீர்கள். அடியில் வேர் இருக்கிறதா, கல் இருக்கிறதா, குழியா என்று தெரியாது. வளைவுக்குள் போனபின் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும். வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக நிற்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவில் இரண்டு கையும் பிரேக்கை விட்டிருக்கட்டும். டியூப்லெஸ் டயர் என்றால் ஊரில் வைக்கும் காற்றைக் குறைத்து 25 பி.எஸ்.ஐ. பக்கம் கொண்டுவரலாம். ஊசிகள் பின்சக்கரத்தருகே கியரை மாற்றும் கருவியான பின் டிரெயிலரின் சின்னப் பற்சக்கரங்களில் சுற்றிக்கொண்டு கியரை மாறவிடாமல் செய்யும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து உருவி எடுங்கள். மழையிலும் பனியிலும் இதெல்லாம் இரண்டு மடங்கு மோசம்.

சைக்கிளைக் கொண்டுபோவது. பெரும்பாலோர் கடைசியில் யோசிப்பது இது. பணமும் மனநிம்மதியும் கரைவது இங்கேதான். கீழே ஒவ்வோர் இடத்துக்கும் சொல்கிறேன்.

விழுந்தால் யார் தூக்குவார்கள். சிக்னல் இருக்கிறதா, 108 வண்டி எட்டுமா, எலும்பு முறிந்தால் எவ்வளவு தொலைவில் அறுவைசிகிச்சை கிடைக்கும்?

பருவம். மழை, பனி, தீ என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

காட்டுக்கு நாம் தரும் சுமை. தென்னிந்தியாவில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் நாம் பார்ப்பது நட்டு வளர்த்தவை. அந்த மண்ணின் சொந்தக்காடு சோலையும் புல்வெளியும். பைன் தோப்பின் தரை வெறும் ஊசியாக இருப்பதால் அங்கே ஒரு டயர்த் தடம் பெரிய சேதம் செய்யாது. ஆனால் தோப்பு முடிகிற இடத்தில் தொடங்கும் புல்வெளியும் ஈரச் சதுப்பும் அப்படியில்லை. தண்ணீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குத் தருவது அந்தச் சதுப்புதான். அதில் விழுந்த சக்கரப்பள்ளம் அடுத்த மழையில் ஓடைபோல அரிக்கும். புல்வெளியில் சக்கரம் வைக்கவே வைக்காதீர்கள்.

## மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்

| | கொடைக்கானல் மேல்மலை | நீலகிரி | குமாவூன் (அல்மோரா, பின்சர்) |
|---|---|---|---|
| பைன் | நட்டது. நிறைய, ஊர்ச்சாலையை ஒட்டியே | நட்டது. தலைகுந்தா பக்கம், சின்னப் பரப்பு | இயற்கையான சிர் பைன். மலை முழுக்க |
| எதில் ஓட்டலாம் | கிராமச் சாலை, விவசாயிகளின் மண்பாதை | தார்ச்சாலை | சாலை, ஊரை இணைக்கும் பழைய நடைவழி |
| சவால் | உயரத்தில் ஏறி இறங்கி ஏறுவது | அடிவாரத்திலிருந்து ஒரே நீள ஏற்றம் | கல்லும் வேரும் நிறைந்த தடம் |
| சைக்கிள் போக்குவரத்து | பேருந்து நல்லது | ரயில் மிக எளிது | விமானம் அல்லது இரண்டு ரயில் |
| நல்ல காலம் | ஜனவரி, பிப்ரவரி தொடக்கம் | டிசம்பர் முதல் பிப்ரவரி நடு வரை | அக்டோபர், நவம்பர் |
| லீவு | 4 நாள் | 3 நாள் | ஒரு வாரத்துக்குக் குறையாமல் |

## கொடைக்கானல் மேல்மலை

வழி. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பைன் காடு தூண்பாறைப் பாதையில் இருக்கிறது. குதிரையும் கடையும் கூட்டமுமாக இருக்கும் அந்த இடத்துக்குச் சைக்கிளோடு போகாதீர்கள், நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். ஓட்ட வேண்டியது மேற்கே. ஏரியில் தொடங்கி வானாய்வகம், பூம்பாறை, மன்னவனூர் என்று சுமார் 35 கி.மீ. 1899-இல் நிறுவப்பட்ட சூரிய வானாய்வகம் நிற்கும் மேடு 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரி அதைவிடத் தாழ்வில். ஆகக் காலையில் உடம்பு சூடாகும் முன்பே ஓர் ஏற்றம். அதன்பின் பூண்டு வயல்களுக்கு நடுவே படிப்படியாகப் பூம்பாறைக்கு இறக்கம். பூம்பாறை தாண்டியபின் பைன் சாலையை நெருக்கிக்கொண்டு வரும். மன்னவனூரில் புல்மேடும் ஏரியும் ஆட்டுப்பண்ணையும். தெம்பிருந்தால் கூக்கால் ஏரி, கவுஞ்சி வரை போகலாம்.

போகும்போது சுகமாக இறங்கியதெல்லாம் திரும்பும்போது ஏற்றம். பூம்பாறையிலிருந்து வானாய்வக மேட்டுக்கு ஏறத்தாழ 400 மீட்டர், அதுவும் களைத்த காலோடு. ஒரே நாளில் போய்த் திரும்பினால் சுமார் 70 கி.மீ. முதல்முறை போகிறவர்கள் மன்னவனூரிலோ பூம்பாறையிலோ இரவு தங்கிவிடுங்கள். சின்ன வீட்டுத் தங்கல்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்களிடம் கேட்டால் கேரட், பூண்டு ஏற்றிவரும் மண்பாதைகளைக் காட்டுவார்கள். மலைச் சைக்கிளின் கெட்டியான டயருக்கு உண்மையான வேலை அங்கேதான்.

அனுமதி. இந்த மலைக் காடுகள் 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவுயிர் சரணாலயத்தில் வருகின்றன, பரப்பு 600 சதுர கி.மீ.க்கு மேல். ஊர்களுக்குப் போகும் சாலையில் தடையில்லை. பேரிஜம் வேறு கதை. வனத்துறையில் சீட்டு வாங்கிய வண்டிகளுக்கு மட்டும் பகலில் சில மணி நேரம் அனுமதி, யானை வந்துவிட்டால் அதுவும் கிடையாது. பேரிஜத்துக்கு அப்பால் பழைய மூணாறுச் சாலையை இன்றைக்கும் கனவு காண்கிறவர்கள் உண்டு. அது மூடப்பட்ட வழி. அதேபோல மேற்குக் கோடியில் கிளாவரைக்கு அப்பால் கேரள எல்லை நோக்கிப் போகும் காட்டுவழியும் வனத்துறையின் கையில்தான். இரண்டையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு. ரயிலில் போனால் கொடைரோட்டில் வண்டி நிற்பதே ஓரிரு நிமிடம். அதற்குள் சரக்கு ஏற்றும் பெட்டியான பிரேக்வேனிலிருந்து சைக்கிளை இறக்குவது நடக்கிற காரியமில்லை. ஒன்று திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ புக் செய்து அங்கிருந்து வேன் பிடிக்க வேண்டும், அல்லது கிளாம்பாக்கத்திலிருந்து நேராகக் கொடைக்கானல் போகும் இரவுப் பேருந்தின் டிக்கி. நான் பேருந்துக்குத்தான் ஓட்டுப்போடுவேன். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பின் டிரெயிலரை அது மாட்டியிருக்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டிலிருந்து அவிழ்த்து, துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள். டிரெயிலர் பக்கம் மேலே இருக்கட்டும். டிக்கியில் பெட்டி ஒன்று நகர்ந்து இடித்தாலே ஹேங்கர் வளைந்துவிடும், உங்கள் மாடலுக்குரிய ஹேங்கர் கொடைக்கானலில் கிடைக்காது. ஒன்று உபரியாகப் பையில் இருக்கட்டும். டிக்கிக்கூலி பேசிக்கொள்வதுதான், ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

காரில் கொண்டுபோனால் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற வரம்பும் வந்தது. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. இன்னொன்று, ஏரிக்கரையில் வாடகைக்குத் தரும் சைக்கிளை நம்பி மன்னவனூர் கிளம்பாதீர்கள். அது ஏரியைச் சுற்றிவரச் செய்தது.

ஆபத்து. காட்டெருமை. கொடைக்கானல் தெருவிலேயே நிற்கும். கார் வரும் சத்தம் அதற்குத் தெரியும், சைக்கிள் வருவது தெரியாது. வளைவு திரும்பும் நேரத்தில் பத்தடி தொலைவில் நின்றால் அதுவும் மிரளும், நாமும் மிரளுவோம். மறைவான வளைவுகளில் மணியடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள். கண்டால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெல்லப் பின்வாங்குங்கள். அது போகும்வரை காத்திருப்பதும் பயணத்தில் சேர்த்திதான். பூம்பாறை தாண்டிப் பல வளைவுகளில் சிக்னல் அறவே இல்லை. கொடைக்கானலில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய அடி என்றால் தேனிக்கோ மதுரைக்கோ மலையிறங்க வேண்டும்.

யாருக்கு. பைன்தான் வேண்டும், கூட்டம் வேண்டாம், முதல் மலைச் சவாரி என்கிறவர்களுக்கு.

## நீலகிரி

வழி. பைனுக்காக மட்டும் ஊட்டிக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தலைகுந்தா பைன் காடு கூடலூர் நெடுஞ்சாலையை ஒட்டியது, சாலை முழுக்க சுற்றுலா வண்டிகள். ஆனால் ஏற்றத்துக்காகப் போனால் தமிழ்நாட்டில் இதற்கு இணை குறைவு. மேட்டுப்பாளையம் சுமார் 320 மீட்டர், ஊட்டி 2,240. குன்னூர் வழியாக 50 கி.மீ. சொச்சத்தில் 1,900 மீட்டர் ஏறுகிறீர்கள், நடுவில் மூச்சுவிட இறக்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கோத்தகிரி வழி இன்னும் எனக்குப் பிடித்தது. 33 கி.மீ.யில் கோத்தகிரி, அங்கே இரவு தங்கல், மறுநாள் தொட்டபெட்டா தோளைச் சுற்றிக்கொண்டு ஊட்டி, விடிகாலையில் வண்டிகள் வருமுன் தலைகுந்தா.

அனுமதி. சாலைக்கு எதுவும் வேண்டாம், சாலையை விட்டால் எல்லாவற்றுக்கும் வேண்டும். முக்கூர்த்தி தேசியப் பூங்கா, அப்பர் பவானி, பார்சன்ஸ் வேலி பக்கமெல்லாம் நினைக்கவே வேண்டாம். அவலாஞ்சி ஏரிக்கு வனத்துறை வண்டியில் உட்கார்ந்து போகலாம், சைக்கிளில் போக முடியாது. தேயிலைத் தோட்டத்து மண்பாதைகள் அழகாகக் கூப்பிடும், எல்லாம் தனியார் நிலம், மேலாளரிடம் கேட்காமல் நுழையக்கூடாது. கல்லட்டி இறக்கத்தில் மசினகுடி, முதுமலை என்று போகும் ஆசை இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள். யானையும் புலியும் புழங்கும் வழியில் சைக்கிளுக்கு வேலையில்லை.

மறைந்திருக்கும் செலவு. நீலகிரிக்குப் பெரிய வரம் அதன் ரயில். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் கிளம்பி மேட்டுப்பாளையத்தில் முடிகிறது. ஏற்றும் இடமும் இறக்கும் இடமும் கடைசி நிலையம் என்பதால் அவசரமில்லை. வண்டி கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய், டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாக புக் செய்து, ஹேண்டில்பாரிலும் டிரெயிலரிலும் சாக்கைச் சுற்றி, பெயரும் இறங்கும் ஊரும் எழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள். காலையில் பிரேக்வேன் வாசலில் ரசீதை நீட்டினால் சைக்கிள் கைக்கு வந்துவிடும். பெடலைப் பூட்டி, காற்றைப் பார்த்து, டீ குடித்துவிட்டு அங்கிருந்தே ஏறத் தொடங்கலாம், இந்த வசதி வேறெந்த மலைக்கும் இல்லை. மலை ரயிலில் சைக்கிள் ஏற்றும் யோசனை வேண்டாம்.

செலவு வருவது இறங்கும்போது. 1,900 மீட்டரை பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் பேட் தேய்ந்து, அது பிடிக்கும் வட்டத் தகடான ரோட்டர் கொதிக்கும். ஒரு ஜோடி உபரி பேட் கட்டாயம். தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள், நடுநடுவே நின்று ஆறவிடுங்கள்.

பருவமும் பாதுகாப்பும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குப் பக்கம் பயங்கரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரியும், 2009 நவம்பரை அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் உறைபனி விழும், முழுவிரல் கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க விரல் வராது. மருத்துவ வசதியில் மூன்றிலும் இதுதான் மேல். ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கோயம்புத்தூரும் பக்கம்.

யாருக்கு. மூன்று நாள்தான் லீவு, ஏற்றம்தான் சவால் என்கிறவர்களுக்கு. குடும்பம் ஊட்டியில் தங்கியிருக்க, ஒருவர் மட்டும் ஓட்டுவதற்கும் இதுவே வசதி.

## குமாவூன்

வழி. பைன் காட்டுத் தடம் என்று படங்களில் பார்த்து ஆசைப்பட்டது உண்மையில் இங்கேதான் இருக்கிறது. சிர் பைன் இந்த மலைகளின் சொந்த மரம். அல்மோராவைச் சுற்றி ஊருக்கு ஊர் நடந்துபோன பழைய வழிகள் பைனுக்குள்ளேயே போகும், கல்படி, வேர், கையளவு அகலம், பக்கத்தில் சரிவு. பின்சர் சரணாலயம் 1988-இல் அறிவிக்கப்பட்டது. கீழே பைனும் உச்சிப்பக்கம் ஓக், ரோடோடென்ட்ரானும், 2,400 மீட்டருக்கு மேல். கடைசிப் பகுதி நடைதான்.

அனுமதி. சரணாலய வாசலில் கட்டணம் கட்ட வேண்டும், சைக்கிளை விடுவார்களா என்று அல்மோராவிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சரணாலயத்துக்கு வெளியே பல காடுகள் வனப் பஞ்சாயத்து என்ற ஊர்ப்பொதுக் காடுகள். 1931 முதல் விதிகளோடு நடந்துவரும் ஏற்பாடு இது. ஊர்த் தலைவரிடம் கேட்பதுதான் அங்கே அனுமதி, இந்தி தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மறைந்திருக்கும் செலவு. எல்லாமே. விமானம் என்றால் சைக்கிள் பெட்டி, எடைக்கட்டணம், டெல்லியிலிருந்து காத்கோதாம், அங்கிருந்து மலைமேல் 80 கி.மீ.க்கு மேல் டாக்ஸி. காற்றடைக்கும் சி.ஓ.2 குப்பியை எடுத்துப் போகாதீர்கள், கைப்பம்பு போதும். ரயில் என்றால் டெல்லியில் இறக்கி மறுபடி புக் செய்ய வேண்டும், போகவரவே லீவில் பாதி போய்விடும். வழிகாட்டியோடு நல்ல சைக்கிளும் தரும் குழு கிடைத்தால் அதுவே மலிவு, நம் சைக்கிளைச் சுமந்து போகும் வீம்பு வேண்டாம்.

பருவம். பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை அங்கே தீக்காலம். காய்ந்த ஊசியில் பிசின் இருப்பதால் தீ ஓடிவரும் வேகம் மனிதன் ஓடும் வேகத்துக்குக் கட்டுப்படாது. 2024 ஜூனில் பின்சரில் தீயணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். நம் பள்ளி லீவு காலமும் இந்தத் தீக்காலமும் ஒன்றாக வருவதால், கோடை விடுமுறைக்கு இந்த இடத்தைத் திட்டமிடவே கூடாது.

யாருக்கு. முதல் இரண்டையும் சுகமாக ஓட்டி முடித்தவர்கள், தடத்தில் இறங்கத் தெரிந்தவர்கள், ஒரு வாரம் ஒதுக்க முடிந்தவர்கள்.

## என் தேர்வு

நாளைக்கே ஒரு குழு என்னைக் கேட்டால் ஜனவரி இரண்டாம் பாதியில் கொடைக்கானல் மேல்மலை என்பேன், பொங்கல் கூட்டம் வடிந்தபின். வடகிழக்கு மழை ஓய்ந்து மண் இறுகியிருக்கும், காடு இன்னும் காயத் தொடங்கியிருக்காது. பிப்ரவரி நடுவுக்குப் பிறகு கோடை மழை விழும்வரை தமிழகக் காடுகளுக்கும் தீ அபாயம், அப்போது எந்தப் பைன் பக்கமும் போகாமல் இருப்பதே நல்லது. அந்த மாதங்களில் சவாரி வேண்டும் என்றால் ஏலகிரி இருக்கிறது. ஜோலார்பேட்டை வரை ரயில், 14 கொண்டை ஊசி வளைவுகள், மாலையில் வீடு. பைன் கிடையாது, ஆனால் கொடைக்கானலுக்கு முன் காலையும் பிரேக்கையும் சோதிக்க அருமையான இடம்.

குழு நான்கு பேருக்குள் இருக்கட்டும். மூன்று பேருக்குக் குறையவும் வேண்டாம், ஒருவர் விழுந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க, மற்றவர் சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கிளம்பும் முன் சென்னையிலேயே டயரின் பள்ளங்களிலிருந்து மண்ணைக் கழுவிவிடுங்கள், திரும்பியதும் மறுபடி. களைச்செடிகளின் விதை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு இப்படித்தான் போகும், நீலகிரிப் புல்வெளியை ஏற்கெனவே வெளிநாட்டுப் புதர்கள் தின்றுகொண்டிருக்கின்றன. பிளாஸ்டிக் பாட்டில் கொடைக்கானல், நீலகிரி இரண்டிலும் சோதனையில் பிடுங்கப்படும், சைக்கிள் பாட்டிலும் தண்ணீர்ப்பையும் எடுத்துப் போங்கள். மாலை 4 மணிக்குத் தங்கும் ஊருக்குள் இருந்துவிட வேண்டும், அந்தி நேரம் காட்டெருமைக்குரியது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி கடைசி வாரம் என்றால் நவம்பர் கடைசியிலேயே நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டைப் பார்த்துவிடுங்கள். கொடைக்கானல் பேருந்துக்கு அவ்வளவு முன்னேற்பாடு தேவையில்லை, டிக்கியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு டிக்கெட் போடுங்கள். கிளம்பும் முதல்நாள் அந்தந்த வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து, யானை நடமாட்டமோ சாலை மூடலோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருக்கிறது என்றால் அந்தப் பக்கம் அன்றைக்கு வேண்டாம்.